பொத்தானைத் தொட்ட பிள்ளைகள்

சந்தை நாளில் பொம்மைக்காரம்மாவுக்கு அலாரமே தேவைப்படாது. நாய் பொத்தான் வந்து கட்டில் சட்டத்தில் இரண்டு முன்னங்காலையும் ஊன்றிக்கொண்டு, 'இன்னும் கிளம்பலையா?' என்று கேட்பதுபோல் மூக்கால் இடிக்கும். இன்று இடிக்கவில்லை. வெயில் முகத்தில் விழுந்த பிறகுதான் அவளுக்கு விழிப்பு வந்தது.

தையல் மெஷினுக்கு அடியில், துணி மூட்டைகளுக்குப் பின்னால் இருட்டான மூலையில் நாய் முடங்கிக் கிடந்தது. கூப்பிட்டாள். வால் அசையவில்லை. கீழ்த்தாடை தொங்கிப் போயிருந்தது. எச்சில் நூலாக இறங்கி, அவள் நேற்று பொம்மைக்காக வெட்டி வைத்த துணி முயல் காதுகளை நனைத்திருந்தது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன். இதுக்கு இன்னும் சரியாகல."

கணவர் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "எலும்புதான். தொண்டையில எங்கேயோ குத்திக்கிட்டு நிக்குது. நேத்து சாயந்திரம் கையை விட்டுத் துழாவிப் பார்த்தேனே, எட்டல. இரு, டார்ச் எடுத்துட்டு வரேன்."

"வேண்டாம். டாக்டரம்மாவுக்கு போன் பண்ணுங்க."

"இதுக்கெல்லாமா?"

நாய் குரைக்க முயன்றது. வந்தது குரைப்பு இல்லை. உடைந்த பானையை யாரோ தரையில் இழுத்ததுபோல் ஒரு சத்தம்.

"இதுக்குத்தான். பண்ணுங்க."

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தக் குடும்பம் இப்படி இல்லை. அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் திட்டு வாங்குகிற புகார்ப் பிரிவில் இருந்தாள். அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மேனேஜர். வீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று யாருக்குமே நினைவில்லை. ஒருநாள் அவர்தான் ஆரம்பித்தார்: "போதும்மா. எளிமையா வாழ்ந்துட்டுப் போயிடலாம்." எல்லாவற்றையும் உதறிவிட்டு, பஸ் திரும்புகிற கடைசி முனையில் இந்த ஓட்டு வீட்டுக்கு வந்தார்கள். மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "நாய் வளர்க்க விட்டா வரேன்."

மூக்கு கறுப்புச் சட்டைப் பொத்தான் மாதிரி இருந்ததால் பெயரும் அதுவே ஆயிற்று.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. துண்டுத் துணியில் அவள் யானையும் முயலும் கோழியும் தைத்தாள். அவர் அவற்றுக்குப் பஞ்சடைத்தார். அதில் கெட்டிக்காரர். வாரம் ஒருமுறை சந்தை. முட்டைக்காரியிடம் ஒரு கோழி பொம்மையைக் கொடுத்தால் ஒரு கூடை நிஜ முட்டை வரும். "என் கோழி முட்டை போடுது, உன் கோழி சும்மா உட்கார்ந்திருக்கு. நட்டம் எனக்குத்தான்," என்று வாராவாரம் அவள் அதே ஜோக்கைச் சொல்ல, பொம்மைக்காரம்மா வாராவாரம் அதே சிரிப்பைச் சிரிப்பாள். அவரை எல்லோரும் இன்னும் 'மேனேஜர்' என்றே கூப்பிட்டார்கள். கடைக்கு அடியில் சாக்கு விரித்துப் பொத்தான் படுத்திருக்கும். பிள்ளைகள் முதலில் நாயிடம்தான் வருவார்கள், அப்புறம்தான் பொம்மையிடம்.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் பொத்தான் ஏதோ தெருநாயோடு சண்டை போட்டுக் காதைக் கிழித்துக்கொண்டு வந்தது. அன்று மகள் பதறியபோது அவர் சிரித்தார். "ஊசியெல்லாம் போன வருஷமே போட்டாச்சு பாப்பா. பயப்படாதே." காது ஆறியது. எல்லோரும் மறந்தார்கள்.

மாட்டு டாக்டரம்மா ஸ்கூட்டரை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், தையல் அறையின் நிலைப்படியைத் தாண்டவில்லை. மூலையில் கிடந்ததைச் சற்று நேரம் பார்த்தார். மெஷினின் இரும்புக் காலைக் கையிலிருந்த குடையால் லேசாகத் தட்டினார். நாய் பாய்ந்து வந்து மெஷின் சக்கரத்தைக் கவ்வப் பார்த்தது. தாடை மூடவில்லை. பின்கால்கள் பின்னிக்கொண்டு விழுந்தது.

டாக்டரம்மா கதவை இழுத்துச் சாத்தினார்.

"யாரும் உள்ள போகாதீங்க. எத்தனை நாளா இப்படி?"

"நேத்துல இருந்துதான் வாய் தொங்குது," என்றாள் அவள். "அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சரியாச் சாப்பிடல."

"வெறிநோய் ஊசி போட்ட அட்டை இருக்குமே, எடுத்துட்டு வாங்க."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அட்டை எங்க வெச்சீங்க?"

"இல்ல."

"தொலைஞ்சு போச்சா?"

"அட்டையே இல்ல. ஊசி போடல."

பக்கத்து வீட்டில் யாரோ வாளியை இறக்கிவைத்த சத்தம் கேட்டது. மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"போட்டேன்னு சொன்னீங்களேப்பா."

"போடத்தான் போனேன். அங்க பெரிய வரிசை. அப்புறம் யோசிச்சேன்... மருந்து, மாத்திரை, ஊசின்னு இருந்த வாழ்க்கையை விட்டுட்டுத்தானே வந்தோம். இயற்கையா வளரட்டும்னு நினைச்சேன். நீங்க கேட்டப்ப..."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. "சோதனை பண்ணித்தான் உறுதியாச் சொல்லணும். ஆனா அதுக்காக நீங்க காத்திருக்கக் கூடாது. யார் இதோட வாயில கை வெச்சீங்க?"

அவர் வலது கையை நீட்டினார். விரல் முட்டியில் இரண்டு சிராய்ப்புகள். பல் உரசிய இடம்.

"எனக்குக் காயம் எதுவும் இல்லையே," என்று ஆரம்பித்த பொம்மைக்காரம்மா தன் விரல் நுனிகளைப் பார்த்து நிறுத்தினாள். ஊசி குத்திக் குத்திச் சல்லடையாகிப்போன விரல்கள். தினமும் நாய் நக்கிய விரல்கள்.

"கடிக்கணும்னு அவசியம் இல்லம்மா. திறந்த புண்ணுல எச்சில் பட்டாலே போதும். மூணு பேரும் சோப்பு போட்டு, குழாயைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் கழுவுங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாகணும்." ஒரு கணம் தயங்கினார். "நோய் வெளிய தெரியறதுக்குச் சில நாள் முன்னாடியே எச்சில்ல கிருமி வந்துடும். பத்து நாள்னு வெச்சுக்குங்க. அந்தப் பத்து நாள்ல வீட்டுக்கு யாராவது வந்தாங்களா? நாய் எங்கேயாவது வெளிய போச்சா?"

ஏழு நாளைக்கு முன்னால் சந்தை.

குழாயடியில் மூன்று பேரும் தோளோடு தோள் நின்று கழுவினார்கள். சோப்புத் தண்ணீர் சிராய்ப்பில் எரிந்திருக்கும். அவர் முகத்தைச் சுளிக்கவில்லை.

"இனிமே பொத்தான்?" மகள் கேட்டாள்.

"வலிக்காம முடிச்சுடலாம்மா," என்றார் டாக்டரம்மா. "தானா போகட்டும்னு விட்டா ரொம்பக் கொடுமை."

"அப்புறம் தோட்டத்துல புதைக்கலாமா?"

"உடம்பை நாங்க ஆழமாப் புதைக்கச் சொல்றோம். தலையை மட்டும்... சோதனைக்கு அனுப்பணும்."

மகளுக்குப் பத்தொன்பது வயசு. அவள் அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மாவின் உதவியாளர் தடித்த கையுறையும் சுருக்குக் கம்பியுமாக வந்தார். சுருக்கு விழுந்தது. ஊசி இறங்கியது. முயல் காதுகளுக்கு நடுவே நாய் மெல்லச் சரிந்தது. அது எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. இவர்களை அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று கடைசிவரை தெரியவில்லை.

மகள் திரும்பினாள். அப்பாவைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள்.

மணி பத்து. சந்தை களைகட்டும் நேரம். பொம்மைக்காரம்மா செருப்பை மாட்டினாள்.

"நீங்களும் பாப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் சந்தைக்குப் போயிட்டு வந்துடறேன்."

"சந்தைக்கா? இப்பவா?" என்றவருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. ஆஸ்பத்திரியில சொல்லிடுவோம். சுகாதார ஆபீஸ்ல இருந்து ஆள் வருவாங்க, விசாரிப்பாங்க. அவங்களுக்கு அதுதானே வேலை. நீ போய் நடுச் சந்தையில நின்னு சொன்னா, அதுக்கப்புறம் நாம இந்த ஊர்ல தலை காட்ட முடியுமா? யாரு நம்ம கடைப்பக்கம் வருவாங்க?"

"போன வாரம் எத்தனை பிள்ளைங்க அதைத் தொட்டுச்சுங்க, சொல்லுங்க."

"எனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது. அதான் போறேன்."

"நான் பண்ணின தப்புக்கு நீ எதுக்கு அசிங்கப்படணும்?"

அவளிடம் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. இப்போது அதைச் சொன்னால் கால் நகராது என்று வாயை இறுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

சந்தை வழக்கம்போல இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. பிளாஸ்டிக் குடங்கள் கலர்கலராக அடுக்கியிருந்தன. கத்தி தீட்டுகிறவர் சக்கரத்தை மிதித்துக்கொண்டிருந்தார். அவளுடைய இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்த முட்டைக்காரி, அவளுக்காகத் தன் கூடையைத் தள்ளி வைத்திருந்தாள்.

"என்ன, மகாராணிக்கு இப்பத்தான் விடிஞ்சுதா? எங்க உன் காவல்காரன்?"

பொம்மைக்காரம்மா அவளைத் தாண்டி, சந்தை வாசலிலிருந்த தகரக் கூண்டுக்குப் போனாள். காணாமல் போன பர்ஸ், குறுக்கே நிறுத்திய வண்டி, இதையெல்லாம் அறிவிக்க அங்கே ஒரு மைக் உண்டு.

"என்னம்மா தொலைஞ்சுது?" என்றார் மைக்குக்காரர்.

விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து, தன் நாற்காலியைக் கொடுத்தார். அவள் உட்காரவில்லை.

"நான் பொம்மைக் கடைக்காரி பேசறேன்," என்றாள். தன் குரல் நாலாபுறமிருந்தும் தனக்கே திரும்பி வந்தது. "போன வாரம் என் கடையில ஒரு நாய் இருந்துச்சு. இன்னைக்குக் காலையில அது செத்துப்போச்சு. அதுக்கு வெறிநோய்னு டாக்டர் சொல்றாங்க. ஊசி போடாம விட்டது எங்க தப்பு. உங்க பிள்ளைங்க அதைத் தொட்டிருந்தா, அது நக்கியிருந்தா, கீறியிருந்தா, தயவுசெஞ்சு இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஊசி போட்டா பயமில்ல. போடாம இருந்துடாதீங்க. நான் இங்கேயே நிக்கறேன். வந்து சொல்லுங்க."

அதையே மூன்று தடவை சொன்னாள். தீட்டுகிறவரின் சக்கரம் நின்றது.

முதலில் யாரும் வரவில்லை. அப்புறம் எல்லோரும் வந்தார்கள். ஒருத்தி குழந்தையின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒருவர் கேட்கக் கூசுகிற வார்த்தைகளில் திட்டினார். அவள் குறுக்கே பேசவில்லை. "கையில புண் ஏதாவது இருந்துச்சா? வாயில, கண்ணுல நக்குச்சா?" என்று கேட்டு, மைக்குக்காரர் தந்த நோட்டில் எழுதிக்கொண்டாள். சும்மா தலையைத் தடவியவர்களையும் எதற்கும் டாக்டரிடம் கேட்டுவிடச் சொன்னாள். ஓர் இளம் தாய், பையிலிருந்து முயல் பொம்மையை எடுத்து அவள் காலடியில் போட்டுவிட்டுப் போனாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பொம்மைகள் வந்து விழுந்தன. பொம்மையால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் விட்டாள்.

முட்டைக்காரி கடைசியாக வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என் சின்னவன் அதோட வாய்க்குள்ள விரலை வெச்சு பிஸ்கட் ஊட்டினான். நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"ஆமா."

"ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னே."

"சொன்னேன்."

"நீயா வந்து சொன்னதால அடிக்காமப் போறேன்," என்றாள் முட்டைக்காரி. "இனிமே என் பக்கத்துல கடை போடாதே." முட்டைக் கூடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடினாள்.

நோட்டில் பதினோரு பிள்ளைகள் சேர்ந்தார்கள். பன்னிரண்டாவது பிள்ளை வரவில்லை. அந்தப் பிள்ளைக்காகத்தான் அவள் மூன்று தடவை அறிவித்ததே. போன வாரம் மழைத்தூறல். மஞ்சள் மழைக்கோட்டு, ஐந்து வயசிருக்கும், யானை பொம்மை வாங்கிய பெண் குழந்தை.

கயிற்றுக்கடைக்காரருக்கு மட்டும் நினைவிருந்தது. "அந்தக் குழந்தையோட அம்மா என்கிட்ட துணி காயப்போடக் கயிறு வாங்கினாங்க. புது வீட்டுக்குக் குடி வந்திருக்கோம்னு சொன்னாங்க. ஏழாம் நம்பர் பஸ்லதான் ஏறினாங்க. எங்க இறங்கினாங்களோ, யாரு கண்டா?"

ஆஸ்பத்திரி வராந்தாவில், சந்தையிலிருந்து வந்த பாதிப் பேர் வரிசையில் நின்றார்கள். மகள் தனக்கு ஊசி போட்டதும் வீட்டுக்குப் போகாமல் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடமிருந்து நோட்டை வாங்கி, வந்துசேர்ந்த பிள்ளைகளுக்கு எதிரே குறி போட்டுக்கொண்டாள். ஒருவர் அவளையும் திட்டினார். "ஆமாங்க. குழந்தையை உள்ள கூட்டிட்டுப் போங்க, மூணாவது அறை," என்றாள்.

மூன்றாவது அறையில் கணவருக்குச் சிராய்ப்பைச் சுற்றியே ஊசி குத்தினார்கள். விரல் முட்டியில் சதை எங்கே இருக்கிறது? கண்களில் நீர் கோர்த்தது. சத்தம் வரவில்லை. அடுத்து பொம்மைக்காரம்மா உட்கார்ந்தாள்.

"ஒருத்தர் பாக்கி," என்றாள் நர்ஸிடம். "விலாசம் தெரியல."

"சுகாதார ஆபீஸுக்கு எழுதி அனுப்பறோம். ரெண்டு மூணு நாள்ல தேட ஆரம்பிப்பாங்க."

"அவ்வளவு நாள் தாங்குமா?"

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்தார். "பெரும்பாலும் நோய் தெரிய வாரக்கணக்கா ஆகும். சிலருக்குச் சீக்கிரம். தெரியறதுக்கு முன்னாடி ஊசி விழுந்துட்டா பிழைச்சுக்கலாம். தெரிஞ்ச பிறகுன்னா... எங்க கையில ஒண்ணுமில்லம்மா."

வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "நீ என்கிட்டப் பேச வேண்டாம். திட்டவாவது செய்."

அவள் வேப்ப மரத்தடிச் சிமென்ட் மேடையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது இப்போது தானாக வெளியே வந்தது.

"அந்தக் குழந்தை உள்ளங்கையில கட்டு போட்டிருந்துச்சு. விழுந்து சிராய்ச்ச காயம். கட்டு நனைஞ்சு கழண்டு தொங்குச்சு. பொத்தான் அந்தக் காயத்தைத்தான் நக்குச்சு. அவங்க அம்மா கையை இழுத்துக்கிட்டாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'விடுங்கம்மா, நாய் நக்கினா சீக்கிரம் ஆறிடும்'னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அந்தம்மா என்னை நம்பிக் கையை மறுபடியும் நீட்டச் சொன்னாங்க."

ஆறுதல் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

"நீங்க பொய் சொன்னீங்க. நான் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். இதுல நான் உங்களை எங்கே திட்ட?"

எழுந்தாள். மகளிடம் போய், "பாப்பா, நீ இங்கேயே இரு. முட்டைக்காரி பையன் வந்துட்டானான்னு பாரு. வந்ததும் எனக்கு போன் பண்ணு," என்றாள்.

"நீ எங்கேம்மா போறே?"

"பஸ் ஸ்டாண்டுக்கு."

மாலை நாலரைக்கு ஏழாம் நம்பர் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வழியில் எத்தனை நிறுத்தம் என்று கண்டக்டரிடம் கேட்டாள். முப்பத்தொன்று என்றார். ஒவ்வொரு நிறுத்தத்திலும், புதிதாகக் கட்டிய கொடிக்கயிறு எந்த வாசலில் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். இறங்கிக் கேட்க வேண்டும். அதைத் தவிர அவளிடம் வேறு வழி இல்லை.

வண்டி புறப்படும்போது அவர் ஓடிவந்து பின்வாசலில் ஏறினார். அவளுக்குப் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அங்கே வரவில்லை. மூன்று வரிசை தள்ளி, மறுபக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

"எங்கேம்மா?" கண்டக்டர் கேட்டார்.

"தெரியலைங்க," என்றாள். "கடைசி வரைக்கும் கொடுங்க."

அவள் இடப்பக்கத்து வாசல்களைப் பார்க்க ஆரம்பித்தாள். பின்னால் அவர், வலப்பக்கத்து வாசல்களை.